பூண்டியில் சொந்தமாகச் சரக்கு வண்டி எடுப்பவர்களுக்கு

பூண்டியில் விளையும் மலைப்பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் கொடைக்கானல் வந்து, பெருமாள்மலையில் பிரிந்து, வத்தலக்குண்டுப் பக்கமோ பழனிப் பக்கமோ இறங்குகின்றன. பூண்டு வடுகபட்டிக்கு, காய்கறி ஒட்டன்சத்திரம், மதுரை மண்டிகளுக்கு. மூட்டைக் கணக்கில் வாடகை கொடுத்துச் சலித்தவருக்கு, நாமே ஒரு வண்டி எடுத்தால் என்ன என்று தோன்றத்தான் செய்யும்.

எடுக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடையைப் பாருங்கள். வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை அது. 3,000 கிலோவுக்கு மேல் போகாவிட்டால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவுப்படி பெர்மிட் வேண்டாம். நாம் குட்டி யானை என்று கூப்பிடும் டாடா ஏஸ் இந்த வகை. அதற்கு மேற்பட்ட வண்டிக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெர்மிட் வாங்க வேண்டும். ஐந்து ஆண்டு செல்லும். வண்டிக்கு வண்டி தனித்தனி. வெளிமாநில லோடுக்கும் போவதானால் நேஷனல் பெர்மிட் உண்டு, ஆண்டுக்கு 16,500 ரூபாய்.

“என் தோட்டத்துக் காய்தானே, எனக்கெதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். 1939ஆம் ஆண்டுச் சட்டத்தில் சொந்தச் சரக்குக்கும் வாடகைச் சரக்குக்கும் வெவ்வேறு பெர்மிட் இருந்தது. பழைய லாரிகளின் நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ என்று எழுதியிருந்தது அதனால்தான். இப்போது அந்தப் பிரிவினை கிடையாது.

பெர்மிட் வேண்டாம் என்றால் மற்றதும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. மஞ்சள் நம்பர் பலகை, இன்ஷூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் உண்டு. எஃப்.சி. எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அப்புறம் வருடா வருடம். லைசென்சில் மட்டும் நிம்மதி: 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்குச் சாதாரண இலகுரக லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பாரம் மிஞ்சினால் அபராதம் 20,000 ரூபாய், மிஞ்சிய ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. மிச்ச மூட்டையை இறக்கினால்தான் வண்டி நகரும். இறக்குகூலியும் உங்கள் தலையில்.

இதைவிடப் பெரிய ஆபத்து மூட்டைமேல் ஆள் ஏற்றுவது. பஸ் குறைந்த ஊரில் முகம் பார்த்து மறுப்பது கஷ்டம்தான். ஆனால் சரக்குக்குச் சொந்தக்காரரையோ அவருடைய ஆளையோ தவிர, சும்மா ஏறி வருபவருக்குச் சரக்கு வண்டியின் இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்காது என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்து நடந்தால் நஷ்டஈடு உங்கள் நிலத்தை விற்றுத்தான். இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் டிரைவரையும் வைத்துக்கொள்ளாதீர்கள். மிச்சமாவது சில ரூபாய், போவது பிரேக்.

வருமானம் ரிட்டன் லோடில் இருக்கிறது. காய் இறக்கும் வாடகை, டீசலுக்கும் டிரைவர் படிக்கும் சரியாகிவிடும். டியூ கட்டுவது உரமும் விதைக்கிழங்கும் மளிகையும் ஏறிவரும் நடைதான். விளைச்சல் இல்லாத மாதத்திலும் டியூ தேதி மாறாது. ஆகவே முதலில் வத்தலக்குண்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ உரக்கடை, மளிகை மண்டி என்று நாலு பேரிடம் பேசுங்கள். மேலே ஏறும் லோடு உறுதியாகாமல் வண்டிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.