மூன்று பார்த்தசாரதிகள்

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கிறது எங்கள் சிறு தமிழ் நூலகம். வார நாட்களில் எனக்குத் தரவுத்தள வேலை. சனிக்கிழமைகளில் இங்கே புத்தகப் பதிவு.

ஒரு நாள் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கேட்டார்: "தம்பி, சாகித்திய அகாடமி விருது வாங்கிய தமிழ் எழுத்தாளர்களின் நூல்கள் நம்மிடம் என்னென்ன? இப்போது அலமாரியில் இருப்பவை மட்டும் போதும்."

சுலபமான கேள்விதான். ஆனால் என் கணினியால் பதில் சொல்ல முடியவில்லை. நூல்கள், எழுத்தாளர்கள், இரவல் என்று மூன்று அட்டவணைகள் எங்களிடம் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் முன்வைத்த முறை இது. வங்கிக் கணக்கும் பெரும்பாலும் இப்படித்தான் இயங்குகிறது. எந்த நூல் இரவலில் போயிருக்கிறது என்று நொடியில் சொல்லும். யார் எந்த விருது வாங்கினார் என்று அதற்குத் தெரியாது.

அது விக்கித்தரவில் இருக்கிறது. 2012இல் தொடங்கிய அந்தத் திறந்த களஞ்சியத்தில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. 'இவர் – பெற்ற விருது – இது' என்பதுபோன்ற குட்டி வாக்கியங்கள் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கும். இதைத்தான் இணைப்புத் தரவு என்கிறோம்.

அங்கிருப்பதை இங்கே நகலெடுக்கலாம். அது சீக்கிரம் பழசாகிவிடும். அதைவிட நல்ல வழி உண்டு. நம் அட்டவணையின் எந்த வரி எந்த எழுத்தாளரைக் குறிக்கிறது என்று எழுதிவைக்க, ஆர்2ஆர்எம்எல் என்ற முறை 2012 முதல் இருக்கிறது. எழுதிவைத்தால், ஆன்டாப் போன்ற இலவச மென்பொருள் நம் அட்டவணைகளையும் இணைப்புத் தரவாகவே காட்டும். பிறகு ஸ்பார்க்கல் மொழியில் ஒரே கேள்வியாக இரண்டு இடத்திலும் கேட்கலாம். முதலில் நம் அலமாரி, பிறகு அந்த எழுத்தாளர்களைப் பற்றி மட்டும் வெளியே. தலைகீழாகக் கேட்டால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

நான் சறுக்கியது வேறிடத்தில். எழுத்தாளர்களைப் பெயரை வைத்தே பொருத்திவிட்டேன். பட்டியலில் 'குருதிப்புனல்' வந்தது. சரி, இந்திரா பார்த்தசாரதிக்கு 1977இல் விருது தந்த நாவல். கூடவே சிலப்பதிகாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்து நின்றது!

ஆசிரியர் சிரித்துவிட்டார். "இவர் வேறு பார்த்தசாரதி, தம்பி. ஆங்கிலக் கவிஞர்." எங்கள் பதிவில் இருவருமே 'ஆர். பார்த்தசாரதி'. (கவிஞரும் மொழிபெயர்ப்புக்காக அகாடமி பரிசு பெற்றவர்தான், அது வேறு பரிசு.) 'சமுதாய வீதி'க்காக 1971இல் விருது வாங்கிய நா. பார்த்தசாரதியோ வரவே இல்லை. அவர் நடத்திய இதழின் பெயரைச் சேர்த்து 'தீபம் பார்த்தசாரதி' என்று யாரோ பதிந்திருந்தார்கள். குடும்பப் பெயர் இல்லாமல் தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு இந்தக் குழப்பம் புதிதா என்ன? மருத்துவமனைப் பதிவுகளில் இப்படி இரண்டு பேர் ஒருவரானால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அதன்பின் மூன்று சனிக்கிழமைகள் ஆசிரியரும் நானும் உட்கார்ந்தோம். பிறந்த ஆண்டு, நூல் பெயர் இரண்டும் ஒத்துப்போனால் மட்டுமே விக்கித்தரவு எண்ணைப் பதிந்தோம். இன்னொன்றையும் கவனித்தேன். வெளியே கேள்வி கேட்டால், கேள்வியில் இருப்பதும் வெளியே போகும். அதனால் எழுத்தாளர் எண்களைத் தவிர வேறெதுவும் போகாதபடி செய்தேன்.

புதிய பட்டியலை ஆசிரியர் ஒருமுறை நிதானமாகப் பார்த்தார்.

"சமுதாய வீதி இன்னும் காணோமே?"

"இரவலில் இருக்கிறது, ஐயா."

"யாரிடம்?"

அதை மட்டும் நான் சொல்லவில்லை.