திமிங்கிலம் சுமந்த வெப்பமானி

கிரீன்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவே பாஃபின் விரிகுடா இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே கடல் உறைந்து, மேலே எங்கு பார்த்தாலும் பனிக்கட்டிதான். கப்பல் நுழைவது கடினம். அப்படியானால் பனிக்குக் கீழே, ஆழத்தில் இருக்கும் நீரின் வெப்பநிலையை யார் போய் அளப்பது?

கிறிஸ்டின் லைட்ரே அந்த வேலைக்குச் சரியான ஆளைக் கண்டுபிடித்தார். நார்வால் திமிங்கிலம்தான் அந்த ஆள்! லைட்ரே அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கடல் உயிரியலாளர். ஆர்க்டிக் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்வதே அவர் தொழில்.

ஆண் நார்வாலின் முகத்தில் கயிறு திரித்ததுபோல முறுக்கு விழுந்த நீண்ட கொம்பு தெரியும். உண்மையில் அது கொம்பே இல்லை, மேலுதட்டைத் துளைத்துக்கொண்டு வளர்ந்த பல்! நார்வால்கள் குளிர்காலத்தைப் பாஃபின் விரிகுடாவின் பனி இடுக்குகளில் கழிக்கும். ஹாலிபட் என்ற தட்டைமீனைத் தின்ன ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்கும் மூழ்கும். மூச்சுவிட மறுபடி மேலே வந்துதானே ஆகவேண்டும்?

அதுதான் லைட்ரேவின் குழுவுக்கு வசதியாகப் போனது. உள்ளூர் இனுயிட் வேட்டைக்காரர்களின் உதவியோடு நார்வால்களை வலையில் பிடித்து, முதுகில் சின்னக் கருவியைப் பொருத்தி விட்டுவிட்டார்கள். திமிங்கிலம் மூழ்கும்போது கருவி ஆழத்தையும் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளும். உப்புநீருக்குள் ரேடியோ அலை அதிக தூரம் போகாது. அதனால் திமிங்கிலம் மேலே வந்ததும்தான் கருவி செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும்.

2010-இல் முடிவுகள் வெளியாயின. ஒரு நார்வால் 1,773 மீட்டர் வரை போயிருந்தது! ஆழத்து நீரோ, பழைய பதிவுகளின் சராசரியைவிட ஏறக்குறைய 0.9 டிகிரி செல்சியஸ் கூடுதல் சூடாக இருந்தது. 'ஒரு டிகிரிகூட இல்லையே' என்கிறீர்களா? கடல் அவ்வளவு பெரியது. அதைக் கொஞ்சம் சூடாக்கவே ஏராளமான வெப்பம் வேண்டும். அந்த வெப்பம் கடலில் வந்து முடியும் பனியாறுகளை அடியிலிருந்து கரைக்கவும் செய்யும்.

லைட்ரே பனிக்கரடிகளையும் ஆராய்கிறார். கரடிகளின் நடமாட்டத்தை அறிய, கழுத்துப்பட்டையில் கருவி வைத்து மாட்டுவார்கள். ஆனால் பெண் கரடிகளுக்கு மட்டும்தான். ஏன் தெரியுமா? ஆண் கரடிக்குக் கழுத்து தலையளவு பருமன். பட்டை நழுவி விழுந்துவிடும்!

தென்கிழக்குக் கிரீன்லாந்தில் வாழும் சில நூறு கரடிகள் மற்றக் கரடிகளிலிருந்து மரபணுவில் தனித்து நிற்பதை அவர் குழு 2022-இல் அறிவித்தது. அங்கே ஆண்டில் 250-க்கும் மேற்பட்ட நாட்கள் கடற்பனி இல்லாமலே கழிகின்றன. பனிக்கரடிக்குச் சீல் வேட்டையாடப் பனித்தரை வேண்டுமே? பனியாறுகளிலிருந்து உடைந்து விழுந்து மிதக்கும் பனிக்கட்டிக் குவியல்களின் மேல் நின்று இவை சீல் பிடிக்கின்றன.

அப்படியானால் கடற்பனி உருகினாலும் பனிக்கரடிகள் எல்லாம் பிழைத்துக்கொள்ளுமா? அவசரப்படாதீர்கள் என்கிறது அந்த ஆய்வு. இப்படிப்பட்ட பனிக்குவியல் ஆர்க்டிக்கில் சில இடங்களில் மட்டுமே உண்டு. மற்ற இடங்களில் வாழும் கரடிகளுக்கு இன்றும் கடற்பனிதான் வேட்டைக்களம். அது நிலைக்க வேண்டுமானால், பூமி சூடாவதை நாம்தான் குறைத்தாக வேண்டும்.