வாயில் மாறினால் காவலும் மாற வேண்டும்

மாணவர்களே! மெட்டுகுடாவில் ஒரு குடியிருப்பின் வாயிலில் காவலர் ஒருவர் நிற்பதாகக் கொள்வோம். வருவோர் போவோரை அவர் விசாரித்து அனுப்புகிறார். ஒருநாள் அவ்வாயில் அடைக்கப்பட்டு, வேறு பக்கத்தில் புதிய வாயில் திறக்கப்படுகிறது. காவலரோ பழைய இடத்திலேயே நிற்கிறார். அவர் விழித்திருந்தும் பயன் என்ன?

கணினிக்கும் இத்தகைய காவல் உண்டு. வலைப்பின்னல் வழியே வந்துபோகும் தகவல்களைச் சோதித்து, விதிக்கு உட்பட்டவற்றை விடுத்து, பிறவற்றைத் தடுக்கும் மென்பொருள் 'தீயரண்' எனப்படும். 'அரண்' நமக்குப் பழகிய சொல்லே. திருக்குறளின் 75ஆம் அதிகாரத்திற்கு அதுவே பெயர்.

தீயரண், இயங்குதளத்தைச் சார்ந்தே செயற்படுகிறது. 2007ஆம் ஆண்டு சனவரியில் பொது விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, தகவல்களை இடைமறித்துச் சோதிப்பதற்குப் புதிய முறையொன்றை அமைத்துத் தந்தது. மேக் கணினிகளில் தீயரண்கள் முன்னர் இயங்குதளத்தின் கருவுக்குள்ளேயே புகுந்து பணியாற்றின. அங்கு நேரும் சிறு பிழையும் கணினி முழுவதையும் நிறுத்திவிடக்கூடும். எனவே, 2019இல் வெளிவந்த கேட்டலினா பதிப்பு, கருவுக்கு வெளியே நின்று காவல் புரியும் வழியை வகுத்தது. இத்தகைய மாற்றம் நிகழும்போதெல்லாம் தீயரணை உருவாக்குவோர் அதனைத் திருத்தி எழுதிச் சோதிக்க வேண்டும். 1991இல் சென்னையில் தொடங்கப்பட்ட கே7 கம்ப்யூட்டிங் போன்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனங்களுக்கு இது ஓயாத பணியாகும்.

பயனர்க்கும் கடமை உண்டு. 2017 மார்ச்சில் விண்டோஸின் குறையொன்றுக்கு மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது. பலர் அதனை நிறுவவில்லை. மே 12ஆம் நாள் 'வான்னகிரை' என்னும் தீநிரல் அக்குறையின் வழியே உலகெங்கும் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. நம் அண்டை மாநிலமான ஆந்திரப் பிரதேசத்தின் காவல்துறைக் கணினிகள் சிலவும் பாதிப்புற்றன. அது நுழைந்தது 445ஆம் எண் கொண்ட வலைவாயில் வழியாகும். அவ்வாயிலைத் தீயரண் அடைத்திருந்த கணினிகளுக்குள் வலைவழியே அதனால் நேராக நுழைய இயலவில்லை.

ஊரிலுள்ள தாத்தா பாட்டியின் ஒளிப்படங்கள் உங்கள் வீட்டுக் கணினியில் இருக்கலாம். இழந்தபின் அவற்றை மீண்டும் எடுக்க இயலாமற் போகலாம். ஆகவே, பெற்றோருடன் அமர்ந்து, தீயரண் இயங்குகிறதா என்றும் இயங்குதளமும் தீயரணும் புதுப்பிக்கப்பட்டுள்ளனவா என்றும் இன்றே பாருங்கள்.

பயிற்சி
1. தீயரண் செய்யும் பணி யாது?
2. இயங்குதளம் மாறும்போது தீயரணும் ஏன் மாற வேண்டும்?
3. உங்கள் வீட்டுக் கணினியில் கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.