பூல் மேசையில் குறிபார்ப்பது கணக்கா, கைப்பழக்கமா?

பூல் விளையாடக் கற்றுக்கொள்பவர்கள் விரைவிலேயே ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். எங்கே குறிபார்ப்பது என்பதற்குத் திட்டவட்டமான விதி உண்டா, அல்லது விளையாடி விளையாடித்தான் கைவருமா? குறிபார்க்கும் முறைகள் பாடங்களாகவும் காணொளிகளாகவும் விற்கப்படுகின்றன. அவற்றுக்குப் பணமும் நேரமும் செலவிடும் முன், அவை எதுவரை உதவும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்கு சொல்வது என்ன?

பூல் பந்தின் விட்டம் 57.15 மில்லிமீட்டர். குழியிலிருந்து வண்ணப் பந்தின் நடு வழியாக ஒரு கோடு போவதாகக் கொள்வோம். அதே கோட்டில், வண்ணப் பந்துக்குப் பின்னால் ஒட்டியபடி இன்னொரு பந்து இருப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். மோதும் கணத்தில் வெள்ளைப் பந்து அந்த இடத்துக்கு வந்தால் போதும். இதற்கு ‘கோஸ்ட் பால்’ முறை என்று பெயர்.

மற்றொரு முறையில், வெள்ளைப் பந்து வண்ணப் பந்தை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். முழுதாக மறைத்தால் பந்து நேராகப் போகும். முக்கால்வாசி மறைத்தால் சுமார் 14.5 டிகிரியும், பாதி மறைத்தால் 30 டிகிரியும், கால்வாசி மறைத்தால் சுமார் 48.6 டிகிரியும் திரும்பும்.

இதுவரை எல்லாம் கணக்குதான். யார் அளந்தாலும் விடை மாறாது.

கண் எங்கே நுழைகிறது?

ஆனால் கற்பனைப் பந்து மேசையில் இல்லை. 22 டிகிரி தேவைப்படும்போது, அது பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் முடிவு செய்ய வேண்டும். பிழைக்கு அதிக இடமும் கிடையாது. குழி ஒரு மீட்டர் தொலைவில் இருந்தால், பாதி மறைக்கும் அடியில் வெள்ளைப் பந்து ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் விலகினாலே வண்ணப் பந்து தவறிவிடக்கூடும்.

அமெரிக்கரான ஹால் ஹூல் பரப்பிய ‘சென்டர் டு எட்ஜ்’ முறையைப் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம். பந்துகளின் நடுவையும் விளிம்பையும் வைத்துச் சரியான கோட்டைக் கண்டுபிடிக்கலாம், ஊகம் தேவையில்லை என்கிறார்கள் ஆதரவாளர்கள். மறுப்பவர்கள் ஓர் எளிய சோதனையைக் காட்டுகிறார்கள். இரண்டு பந்துகளையும், இடைவெளியும் திசையும் மாறாமல், சேர்த்தே சற்றுப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். குழிக்கான கோணம் மாறிவிடும். பந்துகளின் நடுவும் விளிம்பும் மட்டும் முன்போலவே தெரியும். அப்படியும் பந்து குழியில் விழுகிறது என்றால், ஆட்டக்காரர் தம்மை அறியாமலே சரிசெய்துகொள்கிறார் என்பது அவர்கள் வாதம். மேசையின் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்பதால் பார்வையும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது ஆதரவாளர்களின் பதில்.

இதோடு உராய்வும் சேர்கிறது. இரு பந்துகளும் உரசும்போது வண்ணப் பந்து கணக்கிட்ட திசையிலிருந்து சற்று விலகும். வேகம், சுழற்சி, பந்தின் தூய்மை ஆகியவற்றுக்கு ஏற்ப அந்த விலகல் கூடும், குறையும். அதைப் பெரும்பாலும் அனுபவம்தான் ஈடுகட்டுகிறது.

கற்பவருக்கு என்ன பயன்?

அப்படியானால் இந்த முறைகள் வீணா? இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன் ஒரே மாதிரி நின்று, ஒரே மாதிரி பார்க்க அவை பழக்குகின்றன. திறமையானவர்கள் அடிக்கும் முன் இலக்கின்மீது நீண்ட நேரம் பார்வையை நிலைநிறுத்துகிறார்கள் என்று, பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்களைக் கவனித்து 2002இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

எனவே புதியவர்கள் கோஸ்ட் பால் முறையில் தொடங்கலாம். ஒரே அடியைப் பலமுறை அடித்து, பந்து குழியின் எந்தப் பக்கம் தவறுகிறது என்று குறித்துக்கொள்ளலாம். எப்போதும் ஒரே பக்கம் தவறினால் குறியைத் திருத்த வேண்டும். இரு பக்கமும் மாறி மாறித் தவறினால், முதலில் கோலை நேராகச் செலுத்தப் பழக வேண்டும். அந்தக் குறையை எந்த முறையை வாங்கினாலும் தீர்க்க முடியாது.