திட்டுங்கள், ஆனால் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்!

ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஊர். அங்கே சேலை வாங்க வரும் வியாபாரி என்ன செய்வார்? சேலையை விரிப்பார். முந்தானையைப் பார்ப்பார். ஜரிகையைத் தடவுவார். பின்பக்கத்தைத் திருப்பி, இழை எங்காவது விட்டிருக்கிறதா என்று தேடுவார். பிறகுதான் குறை சொல்வார். சொல்வது நியாயமாக இருந்தால் நெசவாளரும் கேட்டுக்கொள்வார்.

விரித்துப் பார்க்காமலே, "உங்கள் சேலை மட்டம்" என்று ஒருவர் சொன்னால்? "போய் வாருங்கள் ஐயா" என்று அனுப்பிவிடுவார்!

நம் நாட்டுக் கால்பந்து லீக் விஷயத்தில், பல பத்திரிகைகளும் டெலிவிஷன்களும் இந்த இரண்டாவது ஆசாமியைப் போலத்தான் நடந்து வந்திருக்கின்றன.

ஆரணியில் தறி ஓடும் வீட்டில் டெலிவிஷனும் ஓடுகிறது. அந்த வீட்டுப் பையனுக்கு மெஸ்ஸியைத் தெரியும். ரொனால்டோவைத் தெரியும். இங்கிலாந்தில் எந்தக் கோஷ்டி முதல் இடத்தில் இருக்கிறது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான். "2019இல் இந்திய லீகில் பட்டம் வென்றது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். அவன்மேல் தப்பு இல்லை. யாராவது சொல்லியிருந்தால் அல்லவா தெரியும்?

லீக் என்றால் என்ன?

சாதாரணப் பந்தயத்தில் தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். லீகில் அப்படி இல்லை. ஒவ்வொரு கோஷ்டியும் மற்ற எல்லாக் கோஷ்டிகளுடனும் மோத வேண்டும். சொந்த ஊரில் ஒரு முறை, எதிரியின் ஊரில் ஒரு முறை. வென்றால் 3 புள்ளி, சமமானால் 1 புள்ளி. மாதக்கணக்கில் ஆட்டம் நடக்கும். கடைசியில் யாருக்குப் புள்ளி அதிகமோ, அவர்களுக்குப் பட்டம். மக்கள் வாராவாரம் செய்தி படித்தால்தான் இதில் ருசி இருக்கும். செய்தி வராவிட்டால் லீக் செத்துப் போகும்.

இந்தியாவில் தேசிய லீக் 1996இல்தான் பிறந்தது. ரொம்பத் தாமதம்! அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1956இல், மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தது. ஆஸ்திரேலியாவின் சொந்த மண்ணிலேயே! நெவில் டிசோசா 3 கோல் போட்டார். அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு நாலாவது இடம் கிடைத்தது. 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் கிடைத்தது. அந்த வேகத்தில் அப்போதே லீக் தொடங்கியிருந்தால் கதை வேறு.

முதல் ஆண்டு பட்டம் வென்றது யார் தெரியுமா? ஒரு துணி ஆலைக் கோஷ்டி! பஞ்சாப் மாநிலம் பக்வாராவில் உள்ள ஜே.சி.டி. ஆலையின் கோஷ்டி அது. அடுத்த ஆண்டு லீகில் அதிக கோல் போட்டவர் ராமன் விஜயன் என்ற தமிழர். எத்தனை தமிழ்க் குடும்பங்களில் அந்தப் பெயர் தெரியும்?

ஜே.சி.டி. கோஷ்டியின் முடிவு பரிதாபமானது. 2011இல் ஆலை நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டது. டெலிவிஷனிலும் செய்திகளிலும் போதிய இடம் கிடைக்கவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. பணம் போடுகிறவர் எத்தனை நாள் போடுவார்?

நியாயமான திட்டு

பத்திரிகைகள் சொன்ன குறையெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. விளம்பரம் தடபுடல்! 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடானிடம் மார்பில் முட்டு வாங்கினாரே மாட்டெராட்சி, அவரே சென்னைக் கோஷ்டிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அந்த முதல் லீக் 3 மாதம்கூட நடக்கவில்லை. ஆடி ஓய்ந்த வெளிநாட்டு நட்சத்திரங்களுக்கு ஏன் இத்தனை பணம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ஒரே நாட்டில் இரண்டு லீக் எதற்கு என்றும் கேட்டார்கள். இவை சேலையை விரித்துப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகள். இந்தத் திட்டு தேவைதான்.

இரண்டு லீகில் இன்னொன்று ஐ-லீக். 2007 முதல் அந்தப் பெயரில் நடந்து வந்தது. புது லீக் வந்ததும் அது மாற்றாந்தாய்ப் பிள்ளை ஆகிவிட்டது. 2018-19 போட்டியில், பாதி வழியில் டெலிவிஷன்காரர்கள் சில ஆட்டங்களை ஒளிபரப்புவதையே நிறுத்திவிட்டார்கள்.

அந்த ஆண்டுதான் ஓர் அதிசயம் நடந்தது. கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி கோஷ்டி முதல் இடத்துக்கு வந்தது. 2019 மார்ச் 9. கடைசி நாள் ஆட்டம். எதிரி, பஞ்சாபின் மினர்வா. ஜெயித்தால் பட்டம். ஆனால் எதிரி முதலில் கோல் போட்டுவிட்டான்! அதே நேரத்தில் கோழிக்கோட்டில், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. சென்னை சிட்டி விடவில்லை. 3 கோல் திருப்பிப் போட்டு 3-1 என்று வென்றது. சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளி! தமிழ்நாட்டுக் கோஷ்டி ஒன்று ஐ-லீகைக் கைப்பற்றியது அதுவே முதல் தடவை. இதே நிகழ்ச்சி கிரிக்கெட்டில் நடந்திருந்தால் ஆரணி டீக்கடையில் ஒரு வாரம் வேறு பேச்சு இருந்திருக்காது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு அந்தக் கோஷ்டியும் லீகிலிருந்து மறைந்தது.

ஆஸ்திரேலியாவிலும் இதே பாடு

அங்கே கிரிக்கெட், ரக்பி, அந்த நாட்டுக்கே உரிய இன்னொரு பந்தாட்டம் ஆகியவற்றுக்குத்தான் செல்வாக்கு. 2005இல் தொடங்கிய கால்பந்து லீக் அவற்றுக்கு நடுவே திணறி வளர்ந்தது. 2015 நவம்பரில் சிட்னியின் ஞாயிறு பத்திரிகை ஒன்று, மைதானத்துக்குள் வரத் தடை விதிக்கப்பட்ட 198 ரசிகர்களின் விவரத்தைப் படங்களோடு வெளியிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். லீக் நிர்வாகம் தங்களுக்காகப் பேசவில்லை என்று, ஆட்டத்தின் நடுவிலேயே கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். மற்ற நாட்களில் கால்பந்தைக் கண்டுகொள்ளாதவர்கள், கலாட்டா என்றால் மட்டும் பக்கம் ஒதுக்குகிறார்களே என்பது அவர்கள் குமுறல்.

சேத்ரியின் வேண்டுகோள்

நம் ஊர்க் குமுறலை வாய்விட்டுச் சொன்னவர் அப்போது இந்தியக் கோஷ்டித் தலைவராக இருந்த சுனில் சேத்ரி. 2018 ஜூன் 1ஆம் தேதி மும்பையில் இந்தியா சீன தைப்பேயை 5-0 என்று தோற்கடித்தது. சேத்ரி மட்டும் 3 கோல். பார்க்க வந்தவர்கள் 2,569 பேர்!

மறுநாள் சேத்ரி ஒரு வீடியோ வெளியிட்டார். ஐரோப்பியக் கோஷ்டிகளின் ரசிகர்களைப் பார்த்துப் பேசினார். நாங்கள் அந்தத் தரத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டார். எங்களைத் திட்டுங்கள், கேலி செய்யுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்று கை கூப்பாத குறையாகக் கேட்டார்.

ஜூன் 4ஆம் தேதி கென்யாவுடன் ஆட்டம். சேத்ரிக்கு அது 100வது சர்வதேசப் பந்தயம். டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. கொட்டும் மழையில் ஜனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். இந்தியா 3-0 என்று ஜெயித்தது. சேத்ரி 2 கோல் போட்டார்.