சோளம் என்றால் எந்தச் சோளம்? – பொருளுணர் வலையும் உழவர்களும்

பயிரில் ஏதேனும் கோளாறு தென்பட்டால் பக்கத்து வயல்காரரையும், பிறகு விரிவாக்க அலுவலரையும் கேட்பது நம் வழக்கம். இன்று அந்தக் கேள்வி கைபேசியிலும் கேட்கப்படுகிறது. வாட்சப் குழுவில் படம் அனுப்பி மருந்து கேட்கிறோம். யூடியூபில் செயல்விளக்கம் பார்க்கிறோம். கூகுளில் தேடுகிறோம். பதில் சில நிமிடங்களில் வந்துவிடுகிறது. ஆனால் வந்த பதில் நம் பயிருக்கும் நம் வயலுக்கும் உரியதுதானா என்பதை உறுதி செய்வது எளிதாக இல்லை. இக்குறையைப் போக்க இணையத்தில் கடந்த கால் நூற்றாண்டாக நடந்துவரும் ஒரு முயற்சியையும், அதில் உழவர்களுக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சொல், இரு பயிர்

முதலில் ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உழவர்களாகிய நாம் 'சோளம்' என்றால் வெள்ளைச் சோளம், செஞ்சோளம் போன்ற நாட்டுச் சோளத்தைக் குறிக்கிறோம். நகரத்தில் பலர் மக்காச்சோளத்தையே 'சோளம்' என்கிறார்கள். கடைத்தெருவில் அவித்து விற்கும் கதிரும் அவர்களுக்குச் சோளம்தான்.

'சோளப் பயிரைப் பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போடலாமா?' என்று ஒருவர் குழுவில் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மக்காச்சோளத்தை நினைத்துக்கொண்ட ஒருவர், 'தாராளமாகப் போடலாம்' என்று பதில் எழுதுகிறார். கேட்டவர் வயலில் நிற்பதோ மழையில்லாமல் வாடிய 25 நாள் நாட்டுச் சோளம். இளஞ்சோளப் பயிரிலும், வறட்சியில் வாடிய பயிரிலும், அறுவடைக்குப் பின் துளிர்க்கும் மறுதாம்பிலும் துரின் என்னும் பொருள் மிகுதியாக இருக்கும். மாட்டின் வயிற்றில் அது ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சை வெளியிடும். அதிகம் தின்ற மாடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி இறக்கக்கூடும். ஆகையால்தான் தீவனச் சோளத்தைப் பாதிக்கு மேல் பூத்த பிறகே அறுக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். மக்காச்சோளத் தீவனத்தில் இந்த ஆபத்து இல்லை.

இங்கே பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. கேட்டவர் கேள்வியிலும் தவறில்லை. ஒரே சொல் இரண்டு பயிர்களைக் குறித்ததுதான் இடையூறு. மனிதர்களுக்கே இந்தக் குழப்பம் என்றால், எழுத்தை மட்டும் பார்க்கும் கணினியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

எழுத்தைத் தேடுவதும் பொருளைத் தேடுவதும்

உலகளாவிய வலை எனப்படும் இணையப் பக்கங்களின் அமைப்பை 1989-ஆம் ஆண்டில் வகுத்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் அப்போது சுவிட்சர்லாந்தில் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். அந்த வலையில் பக்கங்கள் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருந்தன. ஆனால் பக்கத்தில் எழுதியிருப்பது எதைப் பற்றியது என்பது படிக்கும் மனிதருக்குத்தான் தெரியும். கணினிக்கு அது எழுத்துகளின் வரிசை மட்டுமே.

2001-ஆம் ஆண்டு மே மாதம் பெர்னர்ஸ்-லீயும் ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லசிலா ஆகிய இருவரும் சேர்ந்து 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இணையத்தில் எழுதப்படும் செய்தியோடு அதன் பொருளையும் கணினி அறியும் வகையில் சேர்த்து எழுத வேண்டும் என்பது அதன் சாரம். இவ்வாறு அமையும் வலையைப் பொருளுணர் வலை என்கிறோம்.

சர்வே எண் போல ஓர் எண்

பொருளுணர் வலையின் அடிப்படை நமக்குப் புதியதன்று. ஒரே நிலத்தை ஒருவர் 'கோயில் தோட்டம்' என்பார். இன்னொருவர் 'மேட்டுக்காடு' என்பார். ஊரில் இரண்டு மேட்டுக்காடுகளும் இருக்கலாம். பத்திரம் எழுதும்போது இந்தப் பெயர்களை நம்பிப் பத்திரம் எழுதுவதில்லை. சர்வே எண்ணைக் குறிப்பிடுகிறோம். எண் ஒன்றுதான், நிலமும் ஒன்றுதான்.

அதுபோலவே ஒவ்வொரு பயிருக்கும், பூச்சிக்கும், நோய்க்கும், உரத்திற்கும் இணையத்தில் ஓர் எண் வழங்கப்படுகிறது. எந்த மொழியில் எந்தப் பெயரால் அழைத்தாலும் அந்த எண்ணோடு அது இணைக்கப்படும். வேளாண்மையில் இப்பணியைச் செய்வது 'அக்ரோவாக்' என்னும் சொற்களஞ்சியம். ரோம் நகரில் தலைமையகம் கொண்ட ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் இதை 1980-களின் தொடக்கத்தில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகிய மொழிகளில் தொடங்கியது. நூலகங்களில் வேளாண் நூல்களை வகைப்படுத்துவதே அன்றைய நோக்கம். இன்று அது 40,000-க்கும் மேற்பட்ட கருத்துகளுடன், 40-க்கும் மேற்பட்ட மொழிகளில், கணினிகள் நேரடியாகப் படிக்கும் வடிவில் உள்ளது. அதில் மக்காச்சோளத்தின் எண் 12332. அந்தச் செடியின் தாவரவியல் பெயருக்குத் தனி எண் உண்டு. நாட்டுச் சோளத்திற்கு வேறு எண். ஆகவே எண்ணோடு இணைத்து எழுதப்பட்ட செய்தியில் இரண்டு சோளங்களும் கலப்பதற்கு வழியில்லை.

மூன்று பகுதி வாக்கியம்

எண் கொடுத்தால் மட்டும் போதாது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள உறவையும் சொல்ல வேண்டும். பொருளுணர் வலையில் ஒவ்வொரு செய்தியும் மூன்று பகுதிகள் கொண்ட சிறு வாக்கியமாக எழுதப்படுகிறது. பள்ளியில் படித்த எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் போன்றதுதான் இது. இவ்வாறு எழுதும் முறைக்கு 1999-ஆம் ஆண்டிலேயே உலகளாவிய தரம் வகுக்கப்பட்டது.

எடுத்துக்காட்டாக, 'படைப்புழு மக்காச்சோளத்தைத் தாக்கும்' என்பது ஒரு வாக்கியம். 'டெலினோமஸ் ரீமஸ் என்ற ஒட்டுண்ணி படைப்புழுவின் முட்டையை அழிக்கும்' என்பது மற்றொரு வாக்கியம். முதலாவதை ஒரு நாட்டு ஆராய்ச்சி நிலையமும், இரண்டாவதை வேறொரு நாட்டு நிலையமும் எழுதியிருக்கலாம். இரண்டிலும் படைப்புழுவுக்கு ஒரே எண் இருந்தால் கணினி இவற்றைச் சேர்த்துப் பார்க்கும். 'மக்காச்சோள உழவருக்கு உதவும் நன்மை செய்யும் பூச்சி எது?' என்று கேட்டால், அப்படி ஒரு வாக்கியத்தை யாருமே எழுதாதபோதும் சரியான விடையைத் தரும்.

எண் தவறினால் விடையும் தவறும். 2018-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்டு, பிறகு நம் மாநிலத்திற்கும் பரவியது அமெரிக்கப் படைப்புழு. நெல்லைத் தாக்கும் வேறொரு புழுவையும் படைப்புழு என்று சொல்வதுண்டு. பெயர் ஒன்றானாலும் இரண்டும் வெவ்வேறு பூச்சிகள். அமெரிக்கப் படைப்புழுவின் தலையில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடும், உடலின் பின்பகுதியில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருக்கும்.

இன்றைய நிலை

2001-இல் எண்ணியபடி இணையம் முழுவதும் பொருளுணர் வலையாக மாறிவிடவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் எண்ணும் உறவும் சேர்த்து எழுதுவதற்கு உழைப்பு தேவை. அந்த உழைப்பை எல்லோரும் மேற்கொள்ளவில்லை. ஆனால் முயற்சி வீணாகவில்லை. 2011 ஜூன் மாதம் கூகுள், பிங், யாகூ ஆகிய தேடு நிறுவனங்கள் பொருளைக் குறிப்பதற்குப் பொதுவான சொற்பட்டியல் ஒன்றை ஏற்றுக்கொண்டன. 2012 மே மாதம் கூகுள், செய்திகளை உறவுகளால் பின்னிய அறிவுக் களஞ்சியம் ஒன்றைத் தன் தேடுதலில் சேர்த்தது. ஒரு பயிரின் பெயரைத் தேடினால் அதன் குடும்பமும் தாவரவியல் பெயரும் ஒரு கட்டத்திற்குள் தோன்றுவதைக் கண்டிருப்பீர்கள். அது இந்த முயற்சியின் பயனே.

சமூக வலையின் நன்மையும் குறையும்

வாட்சப், பேஸ்புக், யூடியூப் போன்றவற்றைச் சமூக வலை என்கிறோம். படிப்பவரே எழுதுபவராகவும் இருப்பது இதன் சிறப்பு. ஆராய்ச்சி நிலையம் காணாத ஒரு வயலில் தோன்றும் பூச்சியை அந்த வயலின் உழவர் முதலில் காண்கிறார்; முதலில் தெரிவிக்கவும் முடிகிறது. மழை, சந்தை நிலவரம், விதை கிடைக்குமிடம் ஆகியவற்றையும் உடனுக்குடன் அறியலாம்.

குறைகள் இரண்டு. ஒன்று, குழுவில் சொல்லப்பட்ட நல்ல பதில் அடுத்த நாள் வரும் நூறு செய்திகளுக்கு அடியில் புதைந்துபோகிறது. அடுத்த பட்டத்தில் அதே கேள்வியை வேறொருவர் மீண்டும் கேட்கிறார். மற்றொன்று, செய்தி கைமாறும்போது அது பிறந்த இடமும் நாளும் உதிர்ந்துவிடுகின்றன. 'இந்த மருந்தை அடித்தேன், புழு ஒழிந்தது' என்ற செய்தி எந்தப் பயிருக்கு, எந்த ஊரில், எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பது தெரியாமலே சுற்றி வருகிறது. வாட்சப் நிறுவனம் 2018-இல் அனுப்பி வரும் செய்திகளுக்கு அடையாளம் இட்டு, இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரையறுத்ததும் இத்தகைய குழப்பத்தைக் குறைக்கவே.

சமூக வலையில் செய்தி ஏராளம். பொருள் தெளிவு குறைவு. பொருளுணர் வலையில் தெளிவு உண்டு; வயலிலிருந்து வரும் செய்தி குறைவு. இரண்டும் இணைந்தால்தான் உழவருக்குப் பயன்.

இரண்டும் இணையும் இடம்

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு விக்கித்தரவு. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்ட இதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம். 10 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு இதில் எண் உள்ளது. ஒவ்வொரு எண்ணின் கீழும் தமிழ் உட்படப் பல மொழிகளில் பெயர்களைச் சேர்க்கலாம். முதன்மைப் பெயரோடு வட்டாரப் பெயர்களையும் எழுத இடம் உண்டு.

இது நமக்கு முக்கியமானது. தஞ்சைப் பகுதியில் தாளடி என்பதும் திருநெல்வேலிப் பகுதியில் பிசானம் என்பதும் ஏறத்தாழ ஒரே காலத்தில், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் விதைக்கும் நெல் பட்டங்களே. இது நமக்குத் தெரியும்; யாரும் எழுதி வைக்காதவரை கணினிக்குத் தெரியாது. களைகளுக்கும் மூலிகைகளுக்கும் ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள் மூத்த உழவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. படித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில், இப்பெயர்களைக் கேட்டு, செடியின் தாவரவியல் பெயரை உறுதி செய்துகொண்டு, விக்கித்தரவில் சேர்க்கச் சொல்லலாம்.

பதில் சொல்லும் இயந்திரங்கள்

2022 நவம்பருக்குப் பிறகு, கேட்ட கேள்விக்கு மனிதரைப் போலவே பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகியுள்ளன. தமிழிலும் கேட்கலாம். இவை எண்ணையும் உறவையும் முதன்மையாகக் கொண்டவை அல்ல. ஏராளமான எழுத்துகளைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று பழகியவை. தமிழில் வேளாண் செய்திகள் குறைவாக எழுதப்பட்டிருப்பதால், வட்டாரப் பெயர்களில் இவை தடுமாறலாம். தடுமாறினாலும் தயங்காமல் பதில் சொல்லும். ஆகவே மருந்தின் பெயரையும் அளவையும் இவற்றிடம் கேட்டு அப்படியே தெளிக்கக் கூடாது. வேளாண் அலுவலரிடமோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உழவர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை

கைபேசியில் கேள்வி கேட்கும்போதும் பதில் எழுதும்போதும் கீழ்க்கண்டவற்றைச் சேர்த்து எழுதுங்கள்.

1. பயிரின் முழுப்பெயரும் இரகமும். 'சோளம்' என்று நிறுத்தாமல் நாட்டுச் சோளமா, மக்காச்சோளமா என்று குறிப்பிடுங்கள்.

2. விதைத்து அல்லது நட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பதும், இறவையா, மானாவாரியா என்பதும்.

3. மாவட்டம், வட்டாரம், தேதி. பட்டத்தின் பெயரோடு மாதத்தையும் எழுதுங்கள்.

4. அறிகுறி செடியின் எந்தப் பாகத்தில் உள்ளது, 100 செடிகளுக்கு எத்தனை செடிகளில் உள்ளது என்பது.

5. முன்பே தெளித்த மருந்து. வணிகப் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் அச்சிட்டுள்ள மருந்தின் தொழில்நுட்பப் பெயரையும், அதன் சதவீதத்தையும் எழுதுங்கள்.

6. அளவுகள். மா, குழி, மூட்டை ஆகியவை இடத்திற்கு இடம் வேறுபடுவதால் ஏக்கர், சென்ட், கிலோ ஆகியவற்றில் எழுதுங்கள்.

7. படம். முழுச் செடி, இலையின் மேற்புறம், அடிப்புறம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுங்கள். பூச்சியின் அருகே ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் அதன் அளவு விளங்கும்.

8. விளைவு. பதில் பெற்றதோடு விட்டுவிடாமல், செய்து பார்த்ததில் என்ன ஆயிற்று என்பதையும் ஒரு வாரம் கழித்து எழுதுங்கள்.

'புழு தாக்குது, மருந்து சொல்லுங்க' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'மக்காச்சோளம், வீரிய ஒட்டு, மானாவாரி, விதைத்து 25 நாள். பெரம்பலூர் மாவட்டம், அக்டோபர் 28. குருத்தில் ஓட்டையும் மரத்தூள் போன்ற எச்சமும் உள்ளன. 100-க்கு 12 செடிகளில் காணப்படுகிறது. மருந்து இன்னும் தெளிக்கவில்லை' என்று எழுதிப் பாருங்கள். பதில் சொல்பவருக்கும் எளிது. அடுத்த ஆண்டு தேடுபவருக்கும் கிடைக்கும்.

ஆதார் அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், பட்டா ஆகியவற்றின் படங்களைக் குழுக்களில் அனுப்ப வேண்டாம். தேதியும் ஊரும் இல்லாத பரிந்துரையைப் பிறருக்கு அனுப்பவும் வேண்டாம்.

எண் வழங்குவதும், உறவுகளைப் பின்னுவதும் அறிஞர்களும் கணினிகளும் செய்யும் வேலை. ஆனால் வயலில் நிற்பது எது என்று தெளிவாகச் சொல்ல அந்த வயலின் உழவரால்தான் முடியும். அதைப் பெயர், நாள், இடம் தவறாமல் சொல்லும் பழக்கத்தை இந்தப் பட்டத்திலிருந்தே கைக்கொண்டால், கைபேசியில் வரும் பதில் நம் வயலுக்கு உரிய பதிலாக அமையும். மாட்டையும் பயிரையும் காக்கும்.