பவுடர் பூச ஆண்தான் வேண்டுமா?
சினிமா சங்கத்தின் கதவைத் திறந்த தீர்ப்பு

பெங்களூர் காந்தி நகரில் சினிமா சுவரொட்டி இல்லாத சுவரைக் காண்பது அபூர்வம். சுவரொட்டியில் நடிகையின் முகம் ஆளுயரத்துக்கு இருக்கும். அதன் அடியில் பொடி எழுத்தில் வரும் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, டைரக்‌ஷன் என்ற வரிகளில் ஒரு பெண் பெயரைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

பெண்களுக்குத் திறமை இல்லையா? 'குமாஸ்தாவின் பெண்' (1941) படத்தில் நடித்துத் தமிழ் ரசிகர்களைக் கவர்ந்த எம்.வி.ராஜம்மா, 1943-லேயே 'ராதா ரமணா' என்ற கன்னடப் படத்தைத் தயாரித்தார். கன்னடத்தின் முதல் பெண் தயாரிப்பாளர் அவரே. 'கர்ணன்' (1964) படத்தில் குந்தி தேவியாக வந்தவர் என்றால் வாசகர்களுக்குச் சட்டென்று நினைவு வரும்.

அந்தக் 'கர்ண'னை எடுத்த பி.ஆர்.பந்துலு கோலார் மாவட்டத்துக்காரர். அவருடைய மகள் பி.ஆர்.விஜயலட்சுமி, அசோக்குமாரிடம் உதவியாளராகத் தொழில் கற்று, பாக்யராஜின் 'சின்ன வீடு' (1985) படத்துக்குத் தனியாக ஒளிப்பதிவு செய்தார். ஆசியாவின் முதல் பெண் ஒளிப்பதிவாளர் என்று பேசப்படுபவர். பந்துலுவின் மகள் என்ற விலாசம் இருந்ததால் கதவு திறந்தது என்று சொல்வாரும் உண்டு. இருக்கட்டுமே, அந்தக் கனமான காமிராவைச் சுமந்தது விலாசமா என்ன?

பெங்களூரில் நாடகத்தையே வாழ்வாகக் கொண்ட பிரேமா காரந்த், 'ஹம்ச கீதே' (1975) படத்துக்கு உடை அலங்காரம் செய்து, பிறகு 1983-ல் 'பணியம்மா'வை இயக்கினார்.

விலாசம் இல்லாத வீட்டுப் பெண்ணின் கதை வேறு. சினிமாவில் கைத்தொழில் தெரிந்தால் மட்டும் போதாது, சங்கத்தின் கார்டு வேண்டும். அது இல்லாதவரை வேலைக்கு வைத்தால் படப்பிடிப்பே நின்று போகலாம். பம்பாயில் ஒப்பனைக் கலைஞர்கள் சங்கத்தின் விதியில், ஒப்பனை செய்பவர் என்றால் ஆண், தலைமுடி அலங்காரம் செய்பவர் என்றால் பெண் என்று வகுத்து வைத்திருந்தார்கள். கதாநாயகியின் கூந்தலைப் பெண் தொடலாம். முகத்தைத் தொடக் கூடாது! ஆண்களின் பிழைப்பு போய்விடும் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

முறைப்படி ஒப்பனைக் கலை பயின்ற சாரு குரானா இந்த விதியை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதிகள் தீபக் மிஸ்ரா, யு.யு.லலித் ஆகியோர் 2014 நவம்பர் 10 அன்று அந்த விதியை ரத்து செய்தனர். 15 வயது நிரம்பிய எவரும் தொழிற்சங்கத்தில் சேரலாம் என்றது அப்போது அமலில் இருந்த 1926-ம் ஆண்டுச் சட்டம். அதில் ஆண், பெண் பேதம் இருக்கவில்லை.

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் அந்தத் தீர்ப்பில் உண்டு. மகாராஷ்டிரத்தில் 5 ஆண்டு குடியிருந்தவருக்குத்தான் உறுப்பினர் உரிமை என்று அதே சங்கம் வைத்திருந்த விதியும் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று அடிபட்டுப் போயிற்று. பெண்ணுக்காக நடந்த வழக்கில் பிழைக்க வந்தவனுக்கும் நியாயம் கிடைத்தது.

கதவு திறந்தாலும் உள்ளே பயமில்லாமல் வேலை செய்ய முடிகிறதா? கேரளத்தில் 2017-ல் அமைக்கப்பட்ட ஹேமா கமிட்டியின் அறிக்கை 2019-ல் அரசிடம் தரப்பட்டும் 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அதைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அடுத்த மாதமே, கன்னடத் திரையுலகுக்கும் அப்படி ஒரு கமிட்டி வேண்டும் என்று 'ஃபயர்' என்ற அமைப்பினர் கர்நாடக முதல்வரிடம் மனுக் கொடுத்தனர்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பெண்களின் புகாரை விசாரிக்க உட்குழு இருக்க வேண்டும் என்பது 2013-ம் ஆண்டுச் சட்டம். சினிமா கம்பெனியோ படம் முடிந்ததும் கலைந்துவிடும். குழுவைப் பிறகு எங்கே போய்த் தேடுவது? நடிகைகளுக்கு மட்டும் உரிய சட்டமும் அல்ல இது. பீனியாவில் ஆயத்த ஆடை தைக்கும் பெண்ணுக்கும், ஆபீசில் டைப் அடிக்கும் பெண்ணுக்கும் இதுவே பொருந்தும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் அவகாசம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடமானாலும், முதலாளி மீதே புகார் என்றாலும் மாவட்ட அளவிலுள்ள குழுவிடம் போகலாம்.